பட்டியலில் ஏழாவது பெயர்

சான் பிளாஸ், இலோய்லோ
பிப்ரவரி 20, 2017

இன்டாய் டோரிங்குக்கு,

முகநூலில் என்னைத் தடுத்துவிட்டாய். போன் செய்தால் எடுப்பதில்லை. தபால்காரரை உன்னால் தடுக்க முடியாது, அதனால்தான் இந்தக் கடிதம்.

ஜனவரித் திருவிழாவுக்கு வந்தவள் பூசை பார்த்து, சாப்பிட்டு, மணிலாவுக்குக் கப்பல் ஏறியிருக்கலாம். ஊரே கோவில் வாசலில் நிற்கும்போது அக்காவின் மேஜையிலிருந்த தாளை எடுத்துக் கிழித்தாயே, அது என்ன பழக்கம்? மேஜையில் இரண்டு தாள்கள் இருந்தன. கருக்கலைப்புக்குச் சட்டம் இடம் கொடுக்கக் கூடாது என்று கையெழுத்துக் கேட்டது ஒன்று. மரண தண்டனை திரும்ப வர வேண்டும் என்று கேட்டது மற்றொன்று. இரண்டாவதைக் கிழித்துவிட்டு, "ஒரே மேஜையில ரெண்டு கடையா மானாங்? இந்தப் பக்கம் உயிரு, அந்தப் பக்கம் சாவா?" என்று கூடப்பிறந்த அக்காவைப் பார்த்துக் கத்தினாய். மீன்காரிகள் இன்னும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். முப்பத்தெட்டு வருஷம் டீச்சராக இருந்த எனக்கு இது தேவைதானா?

நீ கிழித்ததால் ஒன்றும் நின்றுவிடவில்லை. போன வாரம் ஊர்ப் போதை ஒழிப்புக் குழுவில் கோவில் சார்பாக என்னைச் சேர்த்திருக்கிறார்கள். பன்னிரண்டு பேர் கொண்ட பட்டியலில் நானும் கையெழுத்துப் போட்டேன். பாதிப் பேருக்குப் பட்டப்பெயர்தான் இருக்கிறது. தவளை, டிங்டிங், பூனைக்கண்ணன், இப்படி. நம் ஊரில் ஞானஸ்நானப் பெயர் யாருக்குத் தெரியும்! போலீஸ் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டும், ஷாபு போதையை விட்டுவிட்டுச் சரணடையச் சொல்லும். அவ்வளவுதான்.

உன் பெண் ட்ரிக்ஸியை ஒழுங்காகச் சாப்பிடச் சொல்.

உன் அக்கா,
பெதாங்

*

மணிலா
மார்ச் 4, 2017

மரியாதைக்குரிய மானாங் பெர்பெத்துவா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. ஊர் முன்னால் கிழித்தது தப்பு. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். அந்தத் தாளில் எழுதியிருந்ததற்காக நான் வருத்தப்பட மாட்டேன்.

"கதவைத் தட்டும், அவ்வளவுதான்" என்று எழுதியிருக்கிறீர்கள். நான் சிறை மருத்துவமனையில் நர்ஸ். இங்கே என் தெருவிலும் தட்டினார்கள். முதல் தடவை வந்தவர்கள் சீருடையில் வந்தார்கள். இரண்டாம் தடவை வந்தவர்கள் ஹெல்மெட் போட்டிருந்தார்கள், அவர்கள் தட்டவில்லை. எங்கள் தெருவில் மட்டும் இரண்டு சவப்பெட்டி. ஒருவன் தக்காளி விற்கிறவன். அவன் பெயரையும் யாரோ ஒரு நல்ல மனிதர்தான் எழுதிக்கொடுத்திருப்பார், கையெழுத்தும் அழகாக இருந்திருக்கும்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். வயிற்றில் இருக்கும்வரை கடவுளின் சாயல் என்கிறீர்கள். வெளியே வந்து வளர்ந்து வழி தவறினால் அந்தச் சாயல் எங்கே போகிறது? வேர்வையில் கரைந்துவிடுகிறதா? உங்கள் ஆயர்களே இரண்டும் கூடாது என்கிறார்கள். நீங்கள் பாதிப் பிரசங்கத்தை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடுகிறீர்கள்.

ட்ரிக்ஸி சாப்பிடுகிறாள்.

இப்படிக்கு,
அடோரசியோன்

*

சான் பிளாஸ்
மார்ச் 15, 2017

இன்டாய்,

"மரியாதைக்குரிய", "அவர்கள்", "நீங்கள்", கூடவே முழுப் பெயர் வேறு! உன் தலையில் பேன் பார்த்தவள் நான். என்னிடமா இந்த நாடகம்?

பாதிப் பிரசங்கம் என்கிறாய். சரி, கணக்கு டீச்சராகவே பதில் சொல்கிறேன். கருவில் இருப்பது ஒரு பாவமும் அறியாதது. குற்றவாளி தெரிந்தே செய்தவன். இரண்டையும் ஒரே தராசில் போடு என்று நீதான் சொல்கிறாய், நான் சொல்லவில்லை. என் இரண்டாம் வகுப்பில் படித்த ஹசிந்தா உனக்கு நினைவிருக்கிறதா? ஏழு வயது. ஷாபு தலைக்கேறியவன் அவளைக் கரும்புத் தோட்டத்தில் என்ன செய்தான் என்று எழுத எனக்குக் கை வராது. அவள் சவப்பெட்டி மேஜை நீளம்கூட இல்லை. அன்றிலிருந்து அந்த மாதிரி ஆட்களை மனிதர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இது நியாயம் என்று நான் சொல்லவில்லை. வரவில்லை, அவ்வளவுதான்.

உன்னையும் ஒன்று கேட்கிறேன். "கொல்லாதே" என்று மெழுகுவர்த்தி பிடித்து ஊர்வலம் போனாயாம். அங்கே ஒரு கன்னியாஸ்திரீ கருவிலிருக்கும் பிள்ளைக்காக எழுதிய அட்டையை நீட்டியபோது, "அது பொண்ணுங்க விஷயம், எனக்கு வேணாம்" என்று தள்ளிவிட்டாயாம். மணிலாவிலும் நம் ஊர்க்காரர்கள் இருக்கிறார்கள், எனக்குத் தகவல் வந்துவிடும். குண்டடி பட்டவனுக்காவது அழ ஒரு தாய் இருக்கிறாள். வயிற்றிலிருப்பதற்கு அவளும் இல்லையென்றால் யார் இருக்கிறார்கள்? நான் பாதிப் பிரசங்கம் என்றால் நீ மற்றப் பாதி.

பக்கத்து ஊர்ப் பட்டியலில் இருந்த ஒருவனை நேற்றுச் சுட்டுவிட்டார்களாம். எதிர்த்திருப்பான்.

பெதாங்

*

சான் பிளாஸ்
மார்ச் 22, 2017

டோரிங்,

இன்று கப்பல் ஏறுகிறவரிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். மூன்று தடவை போன் செய்தேன். எடுத்திருக்கலாம் நீ.

டெலியாவை உனக்குத் தெரியும், துணி துவைக்கிறவள். இருபத்திரண்டு வருஷம் முன்னால் கல்யாணமாகாமல் வயிற்றோடு நின்றாள். எவளோ நாட்டு மருந்து தருகிறேன் என்று சொல்ல, இவளும் போய் வாசலில் நின்றுவிட்டாள். நான்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். பிறந்தது மே பதினாறு. காலண்டரைப் பார்த்து அந்த நாளின் புனிதர் பெயரையே, நெப்போமுசேனோ என்று, வைத்தேன். நானே ஞானத்தாய். கருவைக் காப்பாற்று என்று பேசும் கூட்டத்தில் எல்லாம் அந்தப் பிள்ளையைத்தான் சொல்வேன், உனக்கும் கேட்டுக் கேட்டுப் புளித்திருக்கும்.

இன்று காலை டெலியா வந்து வாசல்படியில் உட்கார்ந்தாள். உள்ளே வா என்றால் வரவில்லை.

"டீச்சர், பட்டியல்ல உங்க கையெழுத்து இருக்குதாமே?"

"இருக்கு. கெட்டவங்க பேருதானே."

"ஏழாவது யாருன்னு பாத்தீங்களா?"

"டிங்டிங்னு எவனோ. மீன் சந்தைக்குப் பின்னாடி இருக்கிறவன்."

"மீன் சந்தைக்குப் பின்னாடி நாங்கதான் இருக்கோம், டீச்சர். ஈர்க்குச்சி மாதிரி ஒல்லியா இருக்கான்னு பத்து வயசுலேருந்து அவனை டிங்டிங்னுதான் கூப்பிடுறாங்க. நெப்போன்னு கூப்பிடுறது இந்த ஊர்லயே நீங்க ஒருத்தர்தான்."

டோரிங், அவனுக்குப் பெயர் வைத்தவள் நான். அவன் பெயர் எனக்குத் தெரியவில்லை. கிறிஸ்துமஸுக்கு வந்து என் கையை நெற்றியில் ஒற்றிக்கொண்டு பரிசு வாங்கிப் போவான். பதினைந்து வயசுக்குப் பிறகு வரவில்லை. ஏன் வரவில்லை என்று நான் கேட்கவும் இல்லை.

ஷாபு உண்மைதானாம். ஐஸ்கட்டி இறக்கும் வேலை, ராத்திரி தூங்காமல் இருக்க அதை ஆரம்பித்தானாம். போலீஸ் ஒரு தடவை தட்டிவிட்டுப் போய்விட்டது. நேற்று மாலை ஹெல்மெட் போட்ட இரண்டு பேர் சந்தைப் பக்கம் அவனை விசாரித்தார்களாம். இப்போது என் வீட்டு நெல் அறையில் இருக்கிறான். டெலியாவுக்கும் எனக்கும் தவிர யாருக்கும் தெரியாது.

அவனை உன்னிடம் அனுப்புகிறேன். நீ நர்ஸ், உனக்கு இந்த ஆட்களைத் தெரியும். மறுக்காதே.

பெதாங்

*

மணிலா
மார்ச் 29, 2017

மானாங்,

உன் கடிதத்தை ஆறு தடவை படித்தேன். போன் செய்யாமல் எழுதுகிறேன், ஏனென்றால் உன் குரலைக் கேட்டால் சரி என்று சொல்லிவிடுவேன்.

என்னால் முடியாது.

என் வீடு ஒரே அறை. ட்ரிக்ஸியின் அப்பா நெஸ்டோர் கப்பல் வேலைக்குப் போய் எட்டு மாதம் ஆகிறது. ட்ரிக்ஸிக்குப் பதினைந்து வயது. நான் இரவு வேலைக்குப் போனால் அவளும் அவனும் மட்டும் இருப்பார்கள். ஷாபுவை நிறுத்தும்போது அவர்கள் எப்படி இருப்பார்கள் என்று எனக்குத் தெரியும், அதுதான் வினை. தெரியாதவளாக இருந்தால் தைரியமாகச் சரி என்றிருப்பேன். சிறையில் அவர்களுக்குக் கட்டுப் போடுகிறேன், தண்ணீர் கொடுக்கிறேன், எட்டு மணி நேரம் முடிந்ததும் பூட்டிவிட்டு வந்துவிடுகிறேன். நடுவில் கம்பி இருக்கிறது, மானாங். கம்பி இல்லாமல் எனக்குப் பழக்கம் இல்லை.

நீ கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். ஊர்வலத்தில் நான் பிடித்த அட்டையில் "எல்லா உயிரும்" என்று இருந்தது. நான்தான் சிவப்பு மையில் எழுதினேன். அந்த எல்லாவுக்குள் என் வீட்டு வாசல் வராது என்று உன் கடிதம் வரும்வரை எனக்குத் தெரியாது. வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் முடியாது.

இங்கே சாமியார்கள் நடத்தும் ஒரு விடுதி இருக்கிறது. இடம் கேட்டுப் பார்க்கிறேன்.

டோரிங்

*

சான் பிளாஸ்
ஏப்ரல் 10, 2017, பெரிய வாரத் திங்கள்

இன்டாய்,

திட்டுவேன் என்று எதிர்பார்த்திருப்பாய். இரண்டு பக்கம் திட்டித்தான் எழுதினேன், அடுப்பில் போட்டுவிட்டேன். உன்னைத் திட்டும் யோக்கியதை எனக்கு இல்லை என்று நம் ஊர்த் தலைவர், கேப்டன், காட்டிவிட்டார்.

அவரிடம் தனியாகப் போய்க் கேட்டேன். அவர் பேச்சு உனக்குத் தெரியும்தானே.

"கேப்டன், ஏழாம் நம்பரை எடுத்துடுங்க."

"இன்னும் ரெண்டு பேரைச் சேருங்கன்னு கூட்டத்துல மேஜையைத் தட்டினது நீங்கதானே டீச்சர்?"

"இவன் என் ஞானப்பிள்ளை."

"ஓ! அப்ப மத்த பதினொரு பேரும் ஞானஸ்நானம் வாங்காத கூட்டமா?"

கேலிக்காகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு வாழைப்பழத்தை உரித்துத் தின்றார். என்னால்தான் உட்கார முடியவில்லை. நீ தாளைக் கிழித்து, கடிதம் எழுதி, ஆயர்களை எல்லாம் சாட்சிக்கு இழுத்தும் ஏறாதது அந்த ஒரு வார்த்தையில் ஏறிவிட்டது. பன்னிரண்டிலிருந்தும் என் கையெழுத்தை எடுக்கிறேன் என்று அங்கேயே எழுதிக்கொடுத்தேன். "காகிதம் மேல போயாச்சு டீச்சர், உங்க கையெழுத்து இருந்தா என்ன, போனா என்ன?" என்றார்.

நேராகக் கோவில் அலுவலகத்துக்குப் போய் ஞானஸ்நானப் பதிவேட்டைத் திறந்தேன். இரண்டு நாள் ஆனது. தவளை என்பவன் எர்மெனெகில்டோ. பூனைக்கண்ணன் பொனிஃபாசியோ. ஒவ்வொருவருடைய முழுப் பெயரையும், பக்கத்தில் ஞானத்தாய் தகப்பன் பெயரையும் புதுப் பட்டியலாக எழுதினேன். நான்காம் நம்பருக்கும் பதினோராம் நம்பருக்கும் ஞானத்தகப்பன் யார் தெரியுமா? கேப்டனேதான்! தேர்தல் வருஷத்துப் பிள்ளைகள்.

குருத்து ஞாயிறு பூசை முடிந்ததும் அந்தப் பட்டியலோடு வீடு வீடாகப் போய் நானே தட்டினேன். "புதன்கிழமை உன் ஞானப்பிள்ளையைக் கூட்டிக்கிட்டுக் கோவில் கூடத்துக்கு வா. போலீஸ் பதியட்டும், ஃபாதர் முன்னால, நம்ம முன்னால பதியட்டும்." சிலர் முகத்தில் கதவைச் சாத்தினார்கள். ஒரு வீட்டில் நின்றபோது ஹசிந்தாவின் அம்மா எதிர்வீட்டிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை.

நெப்போவுக்கு மட்டும் இங்கே இனிமேல் ஆகாது. அவனைத் தேடி வந்து முகத்தைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமைக் கப்பலில் ஏற்றுகிறேன், இந்தக் கடிதமும் அவன் பையில்தான் வருகிறது. துறைமுகத்துக்கு வா என்று உன் போனுக்குச் செய்தி மட்டும் அனுப்பியிருக்கிறேன். வீட்டில் வைக்காவிட்டால் பரவாயில்லை, அந்த விடுதியில் கொண்டுபோய் விடு. வெறுமனே நிற்க விட்டுவிடாதே.

பெதாங்

*

மணிலா
மே 2, 2017

மானாங்,

நீ கவலைப்பட்டிருப்பாய் என்று தெரியும். "வந்துவிட்டான்" என்று அன்றைக்கு அனுப்பிய ஒற்றைச் செய்தியோடு இருபது நாள் உன்னைத் தவிக்கவிட்டேன். அந்த இருபது நாளும் இரண்டு மணி நேரம் சேர்ந்தாற்போல் நான் தூங்கவில்லை.

விடுதிக்குக் கொண்டுபோகத்தான் துறைமுகத்துக்குப் போனேன், பொய் சொல்ல மாட்டேன். பெரிய வாரம் என்பதால் விடுதியில் ஆள் இல்லை, திங்கள்கிழமை வாருங்கள் என்றார்கள். ட்ரிக்ஸிதான், "மா, நாலு நாள்தானே, என்னை ஃப்ரெண்டு டான்யா வீட்டுல விடு, நீ லீவு போடு. இதுக்குப் போய் ஏன் மூஞ்சியைத் தூக்கி வெச்சிக்கிட்டிருக்கே?" என்றாள். பதினைந்து வயசுக்கு இவ்வளவு வாய்.

முதல் இரண்டு நாள் தூங்கிக்கொண்டே இருந்தான். பிறகு கை நடுக்கம், வேர்வை, சுவரோடு சண்டை. பெரிய வெள்ளியன்று தட்டைத் தூக்கி எறிந்தான். எனக்குப் பயமாகத்தான் இருந்தது, அடுப்பங்கரைக் கத்தியை எல்லாம் பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்தேன். ஈஸ்டர் காலையில் எழுந்து, எறிந்த இடத்தைத் துடைத்துவிட்டு, "ஆன்ட்டி, பசிக்குது" என்றான். துவரையும் பன்றிக்கறியும் பலாப்பிஞ்சும் போட்டு நம் ஊர்க் குழம்பு வைத்தேன். மூன்று தட்டு. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, வெங்காயம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

திங்கள் வந்தது. விடுதிக்குப் போகவில்லை. நான் இரவு வேலைக்குப் போகும் நாட்களில் ட்ரிக்ஸி டான்யா வீட்டில் படுக்கிறாள். பயம் முழுசாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். தெருமுனை ரொட்டிக் கடையில் அதிகாலை மாவு பிசைய ஆள் தேவைப்பட்டது. தூங்காமல் இருந்து பழகியவன் என்று சொல்லிச் சேர்த்துவிட்டேன். பத்து நாள் ஆயிற்று, ஒழுங்காகப் போகிறான்.

இன்னொன்றும் எழுத வேண்டும். அவன் உட்கார்ந்து சாப்பிடும்போது பார்த்துக்கொண்டே இருந்தேன். அன்றைக்கு நீ டெலியாவின் கையைப் பிடிக்காவிட்டால் இந்த நாற்காலி காலியாக இருந்திருக்கும். என் வார்டில் நாட்டு மருந்து குடித்து இரத்தம் போயே செத்த பெண்ணை நான் பார்த்திருக்கிறேன், அவளைப் போன்றவர்களைச் சிறையில் போடச் சொல்லும் சட்டத்துக்கு நான் எப்போதும் எதிரிதான். ஆனால் இத்தனை நாள் அந்தப் பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு, மற்றதைப் பார்க்காமல் தலையைத் திருப்பிக்கொண்டேன். அந்தக் கன்னியாஸ்திரீ இப்போது தன் அட்டையை நீட்டினால் வாங்குவேனா? தெரியாது. தள்ள மாட்டேன்.

உன் ஊர்ப் புதன்கிழமை என்ன ஆனது? எழுது. முகநூலில் தடுப்பை எடுத்துவிட்டேன், ஆனாலும் கடிதமே எழுது.

டோரிங்

*

சான் பிளாஸ்
மே 17, 2017

என் இன்டாய்க்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் முழங்கால் வலியை மறந்து கோவிலுக்கு நடந்தே போனேன். நீ செய்ததை நான் ஒருநாளும் மறக்க மாட்டேன்.

புதன்கிழமை ஒன்பது பேர் வந்தார்கள். ஒவ்வொருவர் பின்னாலும் ஒரு ஞானத்தாயோ தகப்பனோ வந்தார்கள், செத்துப்போனவர்களுக்குப் பதில் ஃபாதர் நின்றார். கேப்டன் மட்டும் வரவில்லை. நான்காம் நம்பர் பையன் எழுந்து, "எங்க ஞானத்தகப்பன் எங்க? ஓட்டுக்கு வந்தாரே, இதுக்கு வரலியா?" என்று சத்தமாகக் கேட்டான். கூடமே சிரித்தது. கால் மணி நேரத்தில் கேப்டன் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டே ஓடி வந்தார்! முழுப் பெயரோடு, சாட்சிக் கையெழுத்தோடு பதிந்தார்கள். சனிக்கிழமைதோறும் கூடத்துக்கு வந்து போகிறார்கள். மற்ற இருவரும் அடுத்த வாரம் வந்தார்கள். உன்னிடம் இருப்பவனோடு சேர்த்துப் பன்னிரண்டு பேரும் இன்று உயிரோடு இருக்கிறார்கள், டோரிங். தினமும் காலையில் எண்ணிப் பார்க்கிறேன்.

போன வாரம் போலீஸ்காரர் ஒருவர் பகலில் என் வீட்டுக்கு வந்தார். ஏழாம் நம்பர் எங்கே என்றார். மணிலாவில் என் தங்கை வீட்டில் தங்கி ரொட்டிக் கடையில் வேலை செய்கிறான், ஃபாதர் சாட்சி என்று சொல்லி உன் முகவரியையும் கொடுத்தேன். காப்பி குடித்தார், பெயருக்கு எதிரே எழுதிக்கொண்டார், போய்விட்டார். அவர் போன பிறகு பட்டப்பகலில் கதவைத் தாழிட்டேன்.

மரண தண்டனைத் தாளை நான் மறுபடி மேஜையில் வைக்கவில்லை. ஹசிந்தாவின் அம்மாவிடம் போய் அதை நானே சொன்னேன். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்தேன். முதல் தாள் மேஜையில் இருக்கிறது. அதில் நீயும் நானும் ஒத்துப்போகப் போவதில்லை. சண்டை போடலாம், கடிதத்தில் போடலாம்.

நேற்று நெப்போவுக்குப் பிறந்தநாள். நீ அனுப்பிய படத்தை, மாவு அப்பிய முகத்தோடு சிரிக்கிறானே அதை, எடுத்துக்கொண்டு டெலியா வீட்டுக்குப் போனேன். இத்தனை வருஷத்தில் அந்த வீட்டுக்குள் நான் நுழைந்தது அதுதான் முதல் தடவை. படத்தை வெகுநேரம் பார்த்தாள். ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"அன்னிக்கு நீங்க என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா? 'நீ பெத்துப் போடு, மத்ததை நான் பாத்துக்கிறேன்'னீங்க. நானும் பெத்துட்டேன். அந்த மத்தது எப்ப வரும், எப்ப வரும்னு இருபத்திரெண்டு வருஷமா பாத்துக்கிட்டே இருந்தேன்."

கோபமாகச் சொன்னாளா, அழுதுகொண்டு சொன்னாளா என்றால் இரண்டும்தான். ஞானஸ்நானம் முடிந்த அன்றே பெற்றவளும் ஞானத்தாயும் ஒருத்தியை ஒருத்தி 'மாரே' என்று கூப்பிட ஆரம்பித்துவிடுவார்கள், ஊரில் எல்லாரும் அப்படித்தான். அவள் மட்டும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவாள். மரியாதை என்று நினைத்து நானும் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

நான் கிளம்ப எழுந்தபோது அவள் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"எங்க போறே? உக்காரு மாரே. சோறு வெந்துடுச்சு."

உட்கார்ந்துவிட்டேன்.

உன் அக்கா,
பெதாங்